குறை சொல்ல ஓர் அண்ணன்

புனே
11 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

மாறன் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உங்கள் இரத்த அழுத்தம், காது, வைதேகியின் உடம்பு ஒவ்வொன்றையும் பற்றித் தனித்தனியாகப் பதில் வேண்டும்.

போனில் நான் சொல்வது உங்களுக்குக் கேட்பதில்லை. எனக்கும் இப்போது அதிகம் பேச முடிவதில்லை. கடிதம்தான் இருவருக்கும் வசதி. முட்டி வைத்தியம் முடிய இன்னும் சில மாதம் ஆகுமாம். மகேஷ் எனக்கு மகனாக இருந்தது போய் ஹாஸ்டல் வார்டனாகிவிட்டான். வீடு இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அதனால் பால்கனியோடு சரி.

உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். என் வேளச்சேரி பெயிண்ட் கம்பெனியை வைதேகிதான் தனியாகப் பார்க்கிறாள். உங்கள் மகள் என்பதற்காகச் சொல்லவில்லை, நான் பெற்ற பிள்ளை இவ்வளவு செய்திருக்க மாட்டான். டிசம்பர் வெள்ளத்தில் கீழ்த்தளத்தில் தண்ணீர் நின்றதே, அதில் தூளை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டின் மோட்டார் போய்விட்டது. கார்பன் நானோகுழாய்த் தூள் டிரம்களை மாடியறைக்கு ஏற்றி, அங்கேயே ரெசினில் கலக்கிறோம். நான் ஜனவரியில் கிளம்பும்போது தற்காலிகம் என்று சொல்லிவிட்டு வந்தேன். நம் ஊரில் தற்காலிகம் எவ்வளவு நாள் என்று உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் ஒருமுறை போய்ப் பார்த்து எழுத வேண்டும். நல்லதை எழுத வேண்டாம். குறையை மட்டும் எழுதுங்கள். எதிரே வருகிறவன் சட்டையில் பொத்தான் இல்லை என்று முதலில் கண்ணில் படுவது உங்களுக்குத்தான்.

இன்னொன்று. அடுத்த மாதம் தி. நகரில் ஒரு வணிகர் சங்கம் எனக்குக் ‘கார்பன் செம்மல்’ என்று பட்டம் தருகிறதாம். என் சார்பில் நீங்கள் போய் வாங்கிக்கொள்ள முடியுமா?

உங்கள் பதிலுக்குத் தபால்காரரை எதிர்பார்க்கும்
தமிழ்மாறன்

*

மந்தைவெளி
26 பிப்ரவரி 2024

அன்புள்ள மாறனுக்கு,

உன் முட்டி விரைவில் குணமாக வேண்டும். இரத்த அழுத்தம் மாத்திரைக்கு அடங்கியிருக்கிறது. காது அப்படியேதான். வைதேகி நலம் என்று நினைக்கிறேன். வேலைக்குப் பக்கம் என்று வேளச்சேரியிலேயே வீடு எடுத்துத் தங்கிவிட்டவளை ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கும் ஒருவன் இதற்கு மேல் சொல்ல முடியாது.

வழக்கம்போல் பென்சிலில் எழுதி, பிறகு பேனாவில் படி எடுத்திருக்கிறேன்.

நேற்று முன்தினம் ரயிலில் வேளச்சேரி போனேன். வாசலில் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் உன் படம், மாலையில்லாமல், சந்தன மாலைக்கு உண்டான மரியாதையுடன். தூள் அள்ளும் பொன்மணி என்ற பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “ஓனருக்கு அண்ணனா சார் நீங்க? உங்களுக்கும் பெயிண்ட் கடை கீதா?” என்று கேட்டாள். கல்லூரியில் வேதியியல் கற்பித்தேன் என்றேன். “அப்ப கடை இல்லியா?” என்று இரக்கப்பட்டாள். கரியின் மேற்பரப்பைப் பற்றித்தான் நான் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தேன் என்பதை அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது. மகளிடம் சொல்லியே ஒன்றும் ஆகவில்லை.

மாடியறை சுத்தமாக இருக்கிறது. காலையும் மாலையும் துடைப்பத்தால் பெருக்குகிறார்கள். டிரம்மைத் திறந்து பொன்மணி கரண்டியால் அள்ளினாள். தூள் கீழே விழாமல் மேலே போனது எனக்கு வியப்பாக இருந்தது. ஜன்னல் வெயிலில் சிறிது நேரம் புகைபோல் நின்றது. மேலே மின்விசிறி. அது இல்லாமல் அந்த அறையில் நிற்க முடியாது. பொன்மணி முகத்தில் துணி முகக்கவசம், வைதேகியின் கழுத்தில் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அவள் காதோரத்தில் மை தீட்டியதுபோல் ஒரு கோடு. துடைக்கக் கை நீட்டினேன். “விடுங்கப்பா, எல்லாரும் பாக்கறாங்க” என்றாள். பிறகு அந்தத் தூள் மின்சாரத்தை எப்படிக் கடத்தும், கணினித் தொழிற்சாலைத் தரையில் உன் பூச்சு எப்படிப் பொறி கிளம்பாமல் காக்கும் என்று எனக்குப் பாடம் நடத்தினாள். வாக்கியத்துக்கு ஒரு ‘சித்தப்பா சொன்னாரு’. அவளுக்குக் கார்பனின் பிணைப்புகளை முதலில் வரைந்து காட்டியவன் நான். அதை அவள் உன்னிடம் கற்றதாக நினைக்கிறாள்.

இதன் கீழே நான்கு வரி அடித்திருக்கிறேன். பொருட்படுத்த வேண்டாம்.

மொத்தத்தில் நீ பெருமைப்படலாம். குறை என்று சொல்ல எனக்கு ஒன்றும் படவில்லை. தி. நகர் விழாவுக்குப் போகிறேன்.

உன் நலம் கோரும்
ரகுபதி

*

புனே
9 மார்ச் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே குளிர் விட்டுவிட்டது. உங்களுக்கு வெயில் தொடங்கியிருக்கும், மத்தியானத்தில் வெளியே போகாதீர்கள்.

நீங்கள் படி எடுத்த கடிதத்தில் அடித்தல் இருந்து நான் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூட லீவ் லெட்டரில்கூடக் கிடையாது. காகிதத்தை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். நன்றாகவே அடித்திருக்கிறீர்கள். ஒரு எழுத்தும் தெரியவில்லை.

அது என்ன வரி? மாடியறை பற்றியதா? நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். எழுதுங்கள். எழுதத்தானே அனுப்பினேன்.

மாறன்

*

மந்தைவெளி
30 மார்ச் 2024

அன்புள்ள மாறனுக்கு,

இங்கே நலம். உன் கடிதம் ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டதே, கையிலும் வலியா?

அடித்த வரிகளில் விசேஷம் ஒன்றுமில்லை. வாக்கியம் சரியாக அமையவில்லை.

தி. நகர் விழா சிறப்பாக நடந்தது. பனகல் பூங்காவுக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் இருந்தவர் ஒலிபெருக்கியில் என்னைத் ‘தமிழ்மாறன் அவர்களின் அண்ணன்’ என்று மட்டும் அழைத்தார். பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் மேல் தவறில்லை. அப்பா கட்சியில் சேர்வதற்கு முன்னால் நான் பிறந்துவிட்டேன், சேர்ந்த பிறகு நீ. மேடையில் கூப்பிடுவதற்கென்று வைத்த பெயர் உன்னுடையதுதான். சால்வை போர்த்தினார்கள். ‘கார்பன் துறையில் ஆய்வுக் கண் கொண்டவர்’ என்று உன்னைப் பற்றி ஒருவர் பேசினார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். என் பக்கத்து நாற்காலிக்காரர் நிறுத்திய பிறகும் சிறிது நேரம் தட்டினேன், யாராவது கவனித்தால் நன்றாக இருக்கட்டும் என்று.

கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தேன். “இன்னா சார், கேரம் போர்டு கப்பா?” என்றார் கண்டக்டர். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். “ஃபர்ஸ்ட்டா?” என்றார். “இல்லை, செகண்ட்” என்றேன்.

போன ஞாயிறு வைதேகி வந்திருந்தாள். மயிலாப்பூர் மருந்துக் கடையில் இறுக்கமான முகக்கவசம் ஒரு பெட்டி வாங்கி வைத்திருந்தேன். சிரித்தாள். “சித்தப்பா ஏழு வருஷமா இந்தத் தூளைத் தன் கையால அள்ளினவரு. மூஞ்சில ஒரு கர்ச்சீஃப் கட்டினதில்ல. அவருக்கு என்னப்பா ஆச்சு? முட்டி வலி. அது மூக்கு வழியாவா வந்துது?” என்றாள். நல்ல பதில் என்று நானும் சிரித்தேன். பெட்டியை எடுத்துப்போக மறந்துவிட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ரகுபதி

*

மந்தைவெளி
12 மே 2024

அன்புள்ள மாறனுக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று மகேஷ் வைதேகிக்குச் செய்தி அனுப்பியதாக அறிந்தேன். நீ எனக்கு எழுதாததால் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

என் சென்ற கடிதத்தில் எது உன்னை வருத்தியது என்று பென்சில் பிரதியை எடுத்துப் படித்துப் பார்த்தேன். உன் பெயரைப் பற்றி எழுதியதா? கேரம் விஷயமா? இரண்டையும் விளையாட்டாகத்தான் எழுதினேன். அப்படித்தான் எழுதினேன் என்று நம்புகிறேன்.

கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிறது. கம்பெனிக்கு மறுபடி போனேன். மோட்டார் இன்னும் வரவில்லை. மின்விசிறி இரண்டாகியிருக்கிறது. எல்லாம் நன்றாகவே நடக்கிறது. வைதேகி இளைத்திருக்கிறாள், வேலை அதிகம்.

ஒரு வரியாவது எழுது.

ரகுபதி

*

புனே
2 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். இடையில் சில நாள் ஆஸ்பத்திரியில் இருக்கும்படி ஆயிற்று. முட்டிதான். உங்கள் மேல் எந்த வருத்தமும் இல்லை. கேரம் கப்பைப் படித்து இருமும்வரை சிரித்தேன்.

உங்கள் மூன்று கடிதங்களையும் திரும்பத் திரும்பப் படித்தேன். குறையில்லை என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள். நீங்களே சொல்லிவிட்ட பிறகு எனக்கு வேறு சான்று வேண்டாம். மனதில் ஒரு பாரம் இருந்தது, இறங்கிவிட்டது. புது ஆர்டரை ஒப்புக்கொள்ளும்படி வைதேகிக்குச் சொல்லிவிட்டேன். தூள் இரண்டு மடங்கு வாங்குவாள்.

மழை தொடங்கினால் இங்கே நன்றாக இருக்கும் என்கிறார்கள்.

மாறன்

*

மந்தைவெளி
21 ஜூன் 2024

மாறா,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். இதற்குப் பென்சில் பிரதி இல்லை. நேராகப் பேனாவில் எழுதுகிறேன்.

வைதேகிக்கு ஒரு மாதமாக இருமல். சளியில்லாத வறட்டு இருமல். கத்திரி வெயிலில் ஐஸ் தண்ணீர் குடித்ததால் என்றாள், பிறகு ஏ.சி.யால் என்றாள். சென்ற ஞாயிறு மந்தைவெளி ரயில் நிலையத்துக்கு அவளை வழியனுப்பப் போனேன். படியில் பாதி ஏறியதும் நின்று, செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்தாள். வார் சரியாகத்தான் இருந்தது. நான் எழுபத்து மூன்று வயதில் மூச்சு வாங்காமல் அவளுக்கு ஒரு படி மேலே நின்றுகொண்டிருந்தேன்.

பொன்மணி ஒரு நாள் இதைச் சொன்னாள்: “நம்ம மூக்கு சிந்துனா கறுப்பாத்தான் சார் வருது. கண்ணகி நகர்ல என் ரூம்ல தலகாணி உறை கூடக் கறுப்பு. மேடம் இன்னா, இருமிக்கினே வேலை செய்யறாங்க. நீங்க படிச்சவரு, வந்து வந்து பாத்துக்கினு போறீங்க. ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க.”

அடித்த நான்கு வரிகளை இப்போது எழுதுகிறேன். அந்தத் தூளை உலர்ந்த நிலையில் அள்ளக் கூடாது. அதன் இழை தலைமுடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லியது. மிதந்தால் எளிதில் அடங்காது, மூக்கின் எந்தத் தடையும் அதற்குத் தடையில்லை, நுரையீரலின் கடைசி அறைவரை போகும். அங்கே தூசியை விழுங்கித் துப்புரவு செய்யும் உயிரணுக்கள் உண்டு. நீளமான, விறைப்பான இழையை அவற்றால் முழுதாக விழுங்க முடியாது. விழுங்கவும் முடியாமல் விடவும் முடியாமல் திணறும்போது அந்த இடம் புண்ணாகி, புண் ஆறி, தழும்பாகும். தழும்பான நுரையீரல் விரியாது. ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நார் இழை செய்வதைப்போன்ற வேலை. இவை எலிகளில் கண்டவை. மனிதர்களைப் பற்றி நீண்ட கால ஆராய்ச்சி இன்னும் போதவில்லை. எல்லா நானோகுழாயும் ஒன்றுபோல் கெடுதல் செய்யும் என்றும் சொல்ல முடியாது. உறுதியாகத் தெரியாது என்பதுதான் உண்மை. உறுதியாகத் தெரியாத ஒன்றை மின்விசிறிக்குக் கீழே என் மகள் சுவாசிக்கிறாள். துடைப்பத்தால் பெருக்குவது அதைத் திரும்பக் காற்றில் ஏற்றுவது. முதல் நாளே எனக்கு இது தெரியும்.

ஏன் அடித்தேன் என்று சொல்ல வேண்டும். படி எடுக்கும்போது அந்த வரிகளைப் படித்தேன். அவை எனக்குச் சந்தோஷத்தைத் தந்தன. உன் படம் மாட்டிய சுவருக்குள் ஒரு தவறு கண்டுபிடித்த சந்தோஷம். கரியைப் பற்றிப் படித்தவன் நான், அதில் பேர் வாங்கியவன் நீ, கடைசியில் தெரியாமல் செய்துவிட்டாய் என்ற சந்தோஷம். இது விஞ்ஞானமா வயிற்றெரிச்சலா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. முகக்கவசத்தைக் கொடுத்த அன்று வைதேகி இன்னொன்றும் சொன்னாள், உனக்கு எழுதவில்லை. “உங்களுக்குச் சித்தப்பா மேல எப்பவுமே ஒரு இது இருக்குப்பா.” அந்த ‘இது’ கலந்த எதையும் உனக்கு அனுப்பக் கூடாது என்று முடிவு செய்து, பாராட்டை அனுப்பினேன்.

ஆர்டரை நிறுத்து. மாடியறையைப் பூட்டச் சொல். நான் சொல்லி அவள் கேட்க மாட்டாள், நீ சொன்னால் கேட்பாள். இதை எழுதும்போதும் அந்த எரிச்சல் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

உன் முட்டி எப்படியிருக்கிறது?

ரகுபதி

*

புனே
3 ஜூலை 2024

அண்ணா,

உங்கள் கடிதம் வந்த அன்றே வைதேகியிடம் பேசிவிட்டேன். மாடியறை பூட்டியாயிற்று. ஆர்டரைத் திருப்பிவிட்டோம். அவளும் பொன்மணியும் நுரையீரல் பரிசோதனைக்குப் போகிறார்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பொறுமையாகப் படியுங்கள்.

எனக்கு முட்டியில் ஒன்றுமில்லை. ஜனவரியில் ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு நுரையீரலின் அடிப்பகுதியிலும் தழும்பு. நீங்கள் எழுதிய அதே வார்த்தை. டாக்டரிடம் நானோகுழாய் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். நாற்பது வயதுவரை நான் பிடித்த சிகரெட்டையும், முப்பது வருஷம் அடித்த ஸ்ப்ரே பெயிண்ட்டையும் எழுதிக்கொண்டார். எதனால் என்று யாராலும் சொல்ல முடியாதாம். எனக்கு அது வசதியாக இருந்தது. இரவில் மட்டும் வசதியாக இருக்காது.

நானே கம்பெனியை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அந்தத் தூள்தான் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். நான் வாழ்க்கையில் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான் அண்ணா. அதனால் ஒரு தந்திரம் செய்தேன். என்னிடம் குறை காண ஆசைப்படுகிற ஒருவரை அனுப்பினேன். உங்களுக்கு என் மேல் பொறாமை என்று எனக்குத் தெரியாதா? நான் முதல் ஸ்கூட்டர் வாங்கிய அன்று அதன் ஹாரன் சரியில்லை என்று சொன்னவர் நீங்கள். சரியாகத்தான் சொன்னீர்கள், ஹாரன் சரியில்லை. ஊரில் எல்லோரும் என்னைப் புகழ்கிறார்கள். நான் நம்பக்கூடிய ஒரே கண் உங்களுடையது. அது சும்மா விடாது என்று நம்பினேன்.

நீங்கள் போய்ப் பாராட்டிவிட்டு வந்தீர்கள். அண்ணனே குறையில்லை என்கிறான், அப்படியென்றால் குறையில்லை என்று நினைத்தேன். இரண்டு மடங்கு தூள் வாங்கச் சொன்னேன். அறுபத்தெட்டு வருஷம் சலிக்காமல் பொறாமைப்பட்டீர்கள். தேவைப்பட்ட அன்றைக்குப் பெருந்தன்மை வந்துவிட்டது.

கோபத்தில் எழுதுகிறேன். கோபம் பாதி என் மேல்தான். ‘அவருக்கு என்ன ஆச்சு’ என்று வைதேகி சிரித்ததை நீங்கள் எழுதிய பிறகு எனக்குப் பேனா எடுக்கவே முடியவில்லை. அந்த இரண்டு மாத மௌனம் முட்டி வலியால் அல்ல.

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் பெயருக்குப் பின்னால் இருக்கிற அந்தப் பட்டத்தின் எழுத்துகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கும் எரியும். என் கேடயங்களை வரவேற்பறையில் வைப்பதே நீங்கள் வரும்போது கண்ணில் படட்டும் என்றுதான்.

மாறன்

*

மந்தைவெளி
25 ஜூலை 2024

அன்புள்ள மாறனுக்கு,

உன் மூச்சு எப்படியிருக்கிறது? இனி இந்த ஒன்றைத்தான் கேட்கப்போகிறேன், ஒளிக்காமல் எழுது.

முடிவுகள் வந்துவிட்டன. அடையாற்றில் ஒரு மருத்துவரிடம் போனோம். குழாயில் ஊதச் சொன்னார்கள். வைதேகியின் ஊதல் அவள் வயதுக்கு இருக்க வேண்டியதைவிடக் குறைவு. ஸ்கேனில் தழும்பு இல்லை, அழற்சி இருக்கலாம் என்கிறார். பொன்மணிக்கு ஊதல் சரியாக இருக்கிறது, ஆனால் அவள் இரண்டு வருஷம் அள்ளியவள், அவளையும் விடாமல் பார்க்க வேண்டுமாம். எதனால் என்று கேட்டேன். மருத்துவர் கையை விரித்தார். தூளிலிருந்து விலகி இருக்கட்டும், ஆறு மாதம் கழித்து மறுபடி ஊதட்டும் என்றார். முன்பே விலகியிருந்தால் என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்.

உன் கடிதத்தை வைதேகியிடம் கொடுத்தேன். ஆட்டோவில் வரும்போது படித்தாள். அடையாறு பாலம் தாண்டியதும் என் காதுக்குப் பக்கத்தில் வந்து, ஓட்டுநருக்கும் கேட்கும்படி சொன்னாள்: “ஒருத்தருக்குப் பொறாமை இருக்கேன்னு வெக்கம், இன்னொருத்தருக்குப் பயமா இருக்கேன்னு வெக்கம். ரெண்டு பேரும் கவுரவமா லெட்டர் போட்டுக்கிட்டீங்க. நானும் பொன்மணியும் மாடில மூச்சு விட்டுக்கிட்டிருந்தோம்.” ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “இன்னா நைனா நீ” என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் அழுதாள். தனக்காக இல்லை. “சித்தப்பா மூச்சு விட முடியாம அந்தப் புனே மாடியில உக்காந்திருக்காரே, ஒருத்தர்கிட்டயும் சொல்லாம” என்று அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். என் மனதில் என்ன ஓடியது தெரியுமா? போன வருஷம் எனக்கு நிமோனியா வந்தபோது இவள் அழவில்லையே என்று ஓடியது. உன் நுரையீரல் தழும்பாகிக்கொண்டிருக்கிறது, நான் அதிலும் உன்னோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இதையும் அடிக்காமல் அனுப்புகிறேன்.

ரகுபதி

*

புனே
14 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கேட்டதற்குப் பதில்: நடந்தால் மூச்சு வாங்குகிறது, உட்கார்ந்தால் பரவாயில்லை. வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். அதன் சத்தம் நம் பழைய மாவு மில் மாதிரி. பயணம் வேண்டாம் என்கிறார்கள். நான் சென்னைக்கு வருவது சந்தேகம்தான்.

வைதேகி தினமும் போனில் என்னைத் திட்டிவிட்டு, பிறகு சாப்பிட்டீர்களா என்று கேட்கிறாள். உங்களிடம் பேசுகிறாளா?

கீழ்த்தளத்தில் புது ஏற்பாடு செய்திருக்கிறாள். இனி உலர்ந்த தூள் உள்ளே வராது, ரெசினில் குழைத்த பசையாகத்தான் வாங்குவார்களாம். உறிஞ்சும் கூண்டும் புதிது. அவள் தூள் பக்கம் போவதில்லை, கணக்கும் ஆர்டரும் மட்டும். எல்லோரும் பிரமாதம் என்கிறார்கள். அதனால்தான் பயமாக இருக்கிறது.

போய்ப் பாருங்கள் அண்ணா. தயவுசெய்து என்னை வெறுத்துக்கொண்டு பாருங்கள்.

மாறன்

*

மந்தைவெளி
6 அக்டோபர் 2024

அன்புள்ள மாறனுக்கு,

இயந்திரத்தின் சத்தத்தில் தூக்கம் வருகிறதா? காதுக் கருவியைக் கழற்றிவிட்டால் எனக்கு எந்தச் சத்தமும் கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் நீ என் மேல் பொறாமைப்படலாம்.

வைதேகி என்னிடம் பேசுகிறாள். குறைவாக. இருமல் நின்றுவிட்டது. ரயில் நிலையப் படியில் போன ஞாயிறு நிற்காமல் ஏறினாள், நான்தான் பாதியில் நின்றேன்.

கம்பெனிக்குப் போனேன். நீ கேட்டபடியே போனேன், அதற்குப் பிரயத்தனம் ஒன்றும் தேவைப்படவில்லை. வாசலில் உன் படம் இருந்தது, அது போதும். கூண்டு நன்றாக உறிஞ்சுகிறது. ஆனால் அதன் வாய் நிற்கிறவர் முகத்துக்கு மேலே இருக்கிறது, பசையிலிருந்து எழுகிற ஆவி மூக்கைத் தாண்டித்தான் மேலே போகும். பின்பக்கம் திறக்கும்படி மாற்ற வேண்டும். காய்ந்த பூச்சின் மாதிரிப் பலகையை ஒரு ஆள் வெளியே உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்தால் உள்ளே இருக்கிற இழை மறுபடி வெளியே வரும். ஈரத்தில் தேய்க்கச் சொன்னேன். கழிவுத் துணியைத் திறந்த கூடையில் போடுகிறார்கள். பொன்மணி வேலை உடையை வீட்டுக்கு எடுத்துப்போவது இன்னும் நிற்கவில்லை. “அங்க துவைக்கத் தண்ணி வர்றதே இல்ல சார், அப்புறம் இன்னாத்துக்கு நான் தூக்கிக்கினு போறேன்” என்று அவளே சொல்லிவிட்டு, அடுத்த நிமிஷம் பையில் மடித்து வைத்தாள். கம்பெனியிலேயே துவைக்க ஏற்பாடு வேண்டும். மாடியறை பூட்டியிருக்கிறது, கதவுக்கு அடியில் இடைவெளி இருக்கிறது. அதை ஈரத்துணியால் துடைக்காமல் யாரும் திறக்கக் கூடாது.

கடைசியாக உன் படம். அதை இறக்கிப் பார்த்தேன். சட்டத்தின் மேல்விளிம்பில் ஒரு படலம், கறுப்பாக. வெள்ளத்துக்கு முன்னால் நீ அள்ளியதோ பிறகு இவர்கள் அள்ளியதோ தெரியாது. நானே துணியை நனைத்துத் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போட்டுவிட்டு, படத்தைத் திரும்ப மாட்டினேன். நேராகத்தான் மாட்டினேன்.

இதுவரை எழுதியதை வைதேகி படித்தாள். “சித்தப்பாவுக்கு இது பத்தாதுப்பா, இன்னும் ரெண்டு கண்டுபிடிங்க” என்று சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு இந்த வீட்டில் கேட்ட சிரிப்பு. அது உனக்கான சிரிப்பு என்று எனக்குத் தெரியும். அடுத்த சனிக்கிழமை மறுபடி போகிறேன்.

மூச்சை மெல்ல விடு.

உன் அண்ணன்
ரகுபதி